நாணயம் பார்த்த வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'ஷ்ராஃப்' என்றொரு வினைச்சொல் இருந்தது. ஒரு பை நாணயத்தைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்து, சுண்டி ஓசை கேட்டு, விளிம்பை விரலால் தடவி, கள்ளக்காசையும் தேய்ந்த காசையும் ஒதுக்கி, மிஞ்சிய நல்ல காசுகளில் எது எதற்கு எவ்வளவு பெறும் என்று தீர்த்துச் சொல்கிற வேலை முழுவதற்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கருவூலங்களிலும் துறைமுகங்களிலும் புழங்கிய அந்த வினை இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கே தெரியாது. பெயர்ச்சொல் மட்டும் ஹாங்காங்கில் உயிரோடிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் வாங்கும் சன்னலுக்கு மேல் 'ஷ்ராஃப்' என்று எழுதியிருக்கும். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி.பர்னலும் சேர்ந்து தொகுத்து, பர்னல் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பெயரையும் வினையையும் பதிவு செய்து, அரபு 'ஸர்ராஃப்' என்பதில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒலியைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. ஆனால் சொல் எங்கிருந்து வந்ததோ வேலையும் அங்கிருந்துதான் வந்தது என்று வாசகர் எண்ணிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான சாட்சிகள் பினாங்கின் பழைய தெருக்களிலும், அந்தத் தெருக்களில் பணம் எண்ணியவர்கள் கோயில் கட்டிய தண்ணீர்மலையிலும், அவர்கள் புறப்பட்டு வந்த கரையிலும் கிடக்கின்றன.

முதலில் வம்சாவளியைப் பார்த்துவிடலாம். அரபியில் காசு மாற்றுகிறவர் ஸர்ராஃப். அது பாரசீகத்துக்குப் போய், பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த வட இந்தியாவில் 'ஸராஃப்' ஆயிற்று. மேற்குக் கரையில் குஜராத்தி வணிகர் வாயில் அது 'ஷராஃப்'. போர்ச்சுகீசியர் கோவாவில் அதைக் கேட்டுத் தங்கள் எழுத்தில் 'ஷராஃபோ' என்று எழுதினார்கள். 1596இல் வெளிவந்த தம் பயண நூலில் டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், கோவாத் தெருக்களில் உட்கார்ந்திருந்த இந்தக் காசு மாற்றுவோரையும் அவர்களுடைய கைத்திறத்தையும் விவரித்திருக்கிறார். ஆங்கிலேயர் சூரத்தில் வந்திறங்கியபோது சொல் தயாராக இருந்தது. இடையிலிருந்த உயிரொலியை விழுங்கி 'ஷ்ராஃப்' ஆக்கிக்கொண்டார்கள், பிறகு அதையே வினையாகவும் வழங்கினார்கள். இந்த 'ஷ' ஒலி பலரைத் திசைதிருப்பியிருக்கிறது. மேன்மையைக் குறிக்கும் 'ஷரீஃப்', தங்கக் காசான 'அஷ்ரஃபி' ஆகியவற்றோடு இதை முடிச்சுப் போடுவார்கள். அவை ஷீன் எழுத்தில் தொடங்கும் வேறொரு வேரைச் சேர்ந்தவை. நம் சொல்லின் முதலெழுத்து ஸாத். தமிழ் எழுத்து இந்த வழக்கில் சாட்சி சொல்லாது, ஏனென்றால் நம் 'ச' இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வேறொரு செய்தியைத் தமிழ் தெளிவாகவே சொல்கிறது. தமிழகத்தில் இந்தச் சொல் 'சராப்பு'. இலங்கைத் தமிழில், அரசு அலுவலகத்துக் காசாளருக்கு, 'சிறாப்பர்'. முன்னதில் பாரசீக வழக்கின் உயிரொலி அப்படியே இருக்கிறது. பின்னதில் ஆங்கிலேயர் சேர்த்து ஒட்டிய மெய்யெழுத்துக்களைத் தமிழ் நாக்கு மீண்டும் பிரித்திருக்கிறது. ஆக, ஒரே அரபுச் சொல் தமிழுக்குள் இரண்டு தடவை, இரண்டு வாசல் வழியாக, இரண்டு வெவ்வேறு அரசுகளோடு நுழைந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரபியில் ஸாத், ரா, ஃபா என்ற வேர் முதன்மையாகத் திருப்புதலைக் குறிக்கும். வழியே போகிறவனை வேறு பக்கம் திருப்புவது, ஒரு பணத்தை இன்னொரு பணமாகத் திருப்புவது, ஒரு சொல்லை அதன் பல வடிவங்களுக்குத் திருப்புவது எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. சொல்வடிவ இலக்கணத்துக்கே அரபியில் 'ஸர்ஃபு' என்றுதான் பெயர். தமிழகத்து மதரஸாக்களில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதியவர்களுக்கு இது பழகிய சொல். எனவே ஸர்ராஃப் என்பவர் பணத்தைத் திருப்புகிறவர் என்று அரபு அகராதியாளர் சொல்வதில் குறையில்லை. ஆனால் அதே எழுத்துக்களில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. 'ஸிர்ஃப்' என்றால் கலப்பில்லாதது. இந்திப் படம் பார்க்கிறவர்கள் 'மட்டும்' என்ற பொருளில் கேட்கிற 'ஸிர்ஃப்' அதுதான். 'ஸரீஃப்' என்றால் தூய வெள்ளி. இவற்றைத் திருப்புதலோடு பொருத்த எவ்வளவு முயன்றாலும் பொருத்தம் செயற்கையாகவே இருக்கிறது. அரபிக்கு உறவான பழைய மொழிகளுக்குப் போனால் விளக்கம் கிடைக்கிறது. அரபியின் ஃபகரம் எபிரேயத்திலும் அக்காடியத்திலும் பகரமாக இருப்பது வழக்கமான ஒலிநியதி. எபிரேயத்தில் 'ஸாரப்' என்ற வினை உலோகத்தைப் புடம்போடுவதையும் அதனால் சோதிப்பதையும் குறிக்கிறது. 'ஸோரேஃப்' என்றால் பொற்கொல்லர். மெசொப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகளில் வரும் அக்காடிய 'ஸர்பு' புடம்போட்ட வெள்ளி. ஆகவே, நெருப்பில் தூய்மை காணும் ஒரு வேரும் திருப்பும் ஒரு வேரும் அரபியில் ஒரே உருவுக்கு வந்து கலந்துவிட்டன என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காசு மாற்றுகிறவருடைய வேலையில் இரண்டும் சேர்ந்திருப்பதால் அந்தக் கலப்பு எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஆங்கில வினை எடுத்துக்கொண்டது மாற்றுவதைவிடச் சோதிப்பதையே என்பது கவனிக்கத்தக்கது. பணம் மாற்றுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. கலப்பைக் கண்டுபிடிப்பதற்கு, அதுவும் ஆயிரக்கணக்கில் அந்நியக் காசு குவியும் ஊரில் வேகமாகக் கண்டுபிடிப்பதற்கு, அவர்களிடம் சொல் இல்லை.

அப்படியொரு ஊராகத்தான் பினாங்கு பிறந்தது. 1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். காட்டை வெட்ட ஆள் வரவேண்டும் என்பதற்காக அவர் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, எந்தக் காசு என்பதில் அது பிழை செய்யவில்லை: ஸ்பானிய டாலர். கம்பெனியின் சொந்தக் கணக்கு ரூபாயில் நடந்தாலும், தீவுக்காகக் கடா சுல்தானுக்கு 1791 உடன்படிக்கைப்படி கொடுக்க ஒத்துக்கொண்டது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். 1800க்குப் பின் எதிர்க்கரை நிலமும் சேர்ந்தபோது அது 10,000 ஆயிற்று. அந்த டாலர் மெக்சிகோவிலும் பெருவிலும் அடிக்கப்பட்டு, மணிலா வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் கிழக்கே வந்தது. எடை ஏறத்தாழ 27 கிராம். உலகமே நம்பிய அந்தக் காசின் தரத்தை ஸ்பானிய அரசு 1772இல் இரகசியமாகக் குறைத்து ஆயிரத்துக்கு 903 பங்கு வெள்ளியாக்கியது. லைட் தரையிறங்கிய அதே 1786இல் மறுபடியும் இரகசியமாக 896க்கு இறக்கியது. ஏழு பங்கு வித்தியாசம் காதுக்கும் விரலுக்கும் எட்டாது. ஆகவே காசு பார்ப்பவர் எந்த அரசன் தலை, எந்த ஆண்டு, எந்த அக்கசாலை என்று அறிந்தவராக இருக்க வேண்டும். காதுத் திறமையோடு ஒரு பெரிய பட்டியலையும் மனத்தில் சுமக்க வேண்டும். இதோடு வேறு தொல்லைகளும் இருந்தன. நடுவைக் குடைந்து வெள்ளியை எடுத்துவிட்டு மலிவான உலோகத்தை அடைத்த டாலர் வரும். சீன வணிகர்கள் தாம் பார்த்துத் தேர்ந்த காசில் தம் முத்திரையைக் குத்துவார்கள். கை மாற மாறக் குத்து கூடி, காசு குழிந்து கிண்ணம்போல் ஆகிவிடும். அதைச் சுண்டினால் ஓசை வராது, நிறுத்துத்தான் வாங்க வேண்டும். டச்சுக் காசு, மதராஸ், கல்கத்தா ரூபாய்கள், பினாங்குக்கென்றே கம்பெனி தொடக்க ஆண்டுகளில் அடித்தனுப்பிய சிறு காசுகள், பின்னால் மெக்சிகோ டாலர் என்று ஒரே கல்லாவுக்குள் பல நாட்டு அரசர்கள் இருந்தார்கள். இன்றைய மலேசியப் பணத்தின் பெயரே அந்தக் காலத்தின் தடம். 'ரிங்கிட்' என்றால் பல்வெட்டு. விளிம்பில் வரிவேலை இருந்த டாலரை மலாய்க்காரர்கள் அப்படி அழைத்தார்கள். விளிம்பைச் சுரண்டித் திருடினால் அந்த வரி காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் விரல் முதலில் அங்கே போயிற்று. மலேசியத் தமிழர் இன்றும் ரிங்கிட்டைப் 'பத்து வெள்ளி', 'இருபது வெள்ளி' என்றே எண்ணுகிறார்கள். தாள் வந்து நூறாண்டு கடந்தும் உலோகத்தின் பெயர் போகவில்லை.

இந்தக் காசுகளை யார் பார்த்தார்கள்? லைட் வருவதற்கு முன்பே கடாவில் கடை வைத்திருந்த சோழமண்டலக் கரை முஸ்லிம்கள், சூலியா என்று கம்பெனி ஏடுகள் குறிக்கிறவர்கள், தீவு திறந்தவுடன் வந்து சேர்ந்தார்கள். சூலியா தெரு அவர்கள் பெயரால் அமைந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. மலாய் மொழியில் கடை 'கெடாய்', கப்பல் 'கப்பால்', முதல் 'மொடால்' என்று வழங்குவதைப் பார்த்தால், இவர்களுக்கும் முன்னே பல தலைமுறைகளாக இந்தக் கடலில் தமிழ்க் கணக்கு ஓடியிருப்பது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரத்தார் வந்து பினாங்கு தெருவில் கிட்டங்கிகளை அமைத்தார்கள். நீண்ட கூடம், விலாசம் என்று வழங்கிய ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பாய், ஒரு மேசைப்பெட்டி, சுவரோரம் ஓர் இரும்புப்பெட்டி. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக வேலை பழகிய அந்தக் கூடத்தில், கடன் கொடுப்பதற்கு முன்னும் வாங்குவதற்கு முன்னும் காசு பார்க்கத் தெரியாதவன் ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. 1855இல் கல்கத்தா அரசு ரூபாயையும் அதன் சில்லறையையும் பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் புகுத்த முற்பட்டபோது டாலரில் வாழ்ந்த வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். கல்கத்தா ஆட்சியே வேண்டாம் என்று 1857இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு மனுப் போனதற்கு இருந்த காரணங்களில் அதுவும் ஒன்று. நகரத்தார் அருவிச் சாலையில், தமிழர் தண்ணீர்மலை என்று சொல்லும் இடத்தில், தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியதும் அதே 1857இல்தான். தைப்பூசத்துக்குப் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு முருகனைக் கொண்டுபோகும் வெள்ளி இரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. கிட்டங்கியிலிருந்து கோயிலுக்குப் போகும் அந்தப் பாதை, வெள்ளியின் தரம் பார்த்துப் பிழைத்தவர்கள் தங்கள் சம்பாத்தியத்தின் ஒரு பங்கை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதைச் சொல்கிறது.

இவர்கள் இந்த வேலையைப் பாரசீக ஸராஃபிடமோ ஆங்கிலக் கம்பெனியிடமோ கற்றிருக்க முடியுமா? தமிழில் இதற்கு இருந்த பழம்பெயர்களைப் பார்த்தால் முடியாது என்றே தெரிகிறது. சங்கப் புலவர் பெயர்களில் 'வண்ணக்கன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது: வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார். வண்ணக்கன் என்றால் நாணயசோதகன் என்று உரைகளும் அகராதியும் ஒரே குரலில் சொல்கின்றன. பொன்னின் தரத்தை நிறத்தால் எண்ணுவது அன்றைய இந்தியா முழுவதற்கும் பொதுவான வழக்கம். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் தூய பொன்னைப் பதினாறு வர்ணம் என்கிறது, நாணயம் பார்க்கும் அதிகாரியை ரூபதர்சகன் என்கிறது. உரைகல்லில் கீறிய கோட்டின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறவன் வண்ணக்கன் என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. சோழர் காலத்துக்கு வந்தால் பெயர் மட்டுமல்ல, வேலையின் விதிமுறையே கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் வருகிறது. அதே ஊரின் இன்னொரு கல்வெட்டு பொன் பார்ப்பவர்களைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவும், அவர்கள் ஆள் பார்க்காமல் எல்லோருடைய பொன்னையும் ஒன்றுபோலச் சோதிக்கவும் ஏற்பாடு செய்கிறது. உரைகல்லில் ஒட்டிய துகளை ஒற்றியெடுத்த மெழுகை அவர்கள் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த மெழுகுருண்டையில் பொன் எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுதான். அதைக்கூடச் சோதிப்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, ஊர் ஏரிக்குச் சேர வேண்டும் என்று ஒரு சபை கல்லில் வெட்டிவைக்கிறது என்றால், அந்தத் தொழிலின் சூட்சுமமும் அதில் நடக்கக்கூடிய களவும் அந்த ஊருக்கு எவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருந்தன என்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த வழக்கு 'நோட்டம்'. நோட்டம் பார்ப்பவர் நோட்டக்காரர், காசு மாற்றும் இடம் காசுக்கடை, மாற்றுகையில் கழிக்கும் தொகை வட்டம். இத்தனை சொற்களும் அரபியின் உதவியில்லாமல் நின்றவை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது 'வடம' என்ற அடையிலேயே இருக்கிறது. வடமன் என்றால் வடக்கிலிருந்து வந்தவன் அல்லவா, அப்படியானால் அந்தத் தொழிலும் இறக்குமதிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. முத்திரைக் காசுகள் வடக்கே தோன்றித் தெற்கே பரவியவை. காசோடு காசு பார்க்கத் தெரிந்தவர்களும் வந்திருப்பார்கள். தமிழர்தான் இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தார்கள் என்பது என் வாதமன்று. அரபுச் சொல் இந்தக் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொழில் இங்கே வேரூன்றியிருந்தது என்பதுதான். மேலும், வண்ணக்கன்களில் எல்லோரும் வடமர் அல்லர். புதுக்கயத்துக்காரரும் விற்றூற்றுக்காரரும் தங்கள் ஊரைத்தான் முன்னே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது மறுப்பு: பொன்னை உரைத்துப் பார்ப்பது தட்டார் வேலை, பல அரசுகளின் காசுகளை வகைபிரித்து மதிப்பிடுவது வேறு வேலை, முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவ முடியாது. இதற்குப் பதில் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலையின்மேல் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. அது தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்கிய அடையாளமா, உள்ளே மட்ட உலோகம் இருக்கிறதா என்று பார்த்த சோதனையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எதுவாயினும் ஒருவர் அந்நியக் காசை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தேர்ந்து, தன் முடிவைக் காசின் மேலேயே பதித்திருக்கிறார். பினாங்கில் சீன வணிகர் டாலரில் முத்திரை குத்தியதற்கும் இதற்கும் வேலையின் தன்மையில் வேறுபாடு இல்லை. இந்தப் புதையல் கிடைத்த இடத்துக்கும் பினாங்கு நகரத்தாரின் சொந்த ஊர்களுக்கும் தொலைவு அதிகமில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லிவைக்கலாம். பரம்பரை அறுபடாமல் வந்தது என்று அதைக்கொண்டு நிறுவ நான் முயலவில்லை.

தொழிலும் பெயரும் உள்ளூரில் இருந்தபோது அந்நியச் சொல் ஏன் வேண்டியிருந்தது? சராப்பு, சிறாப்பர் என்ற இரு வடிவங்கள் இங்கேதான் உதவுகின்றன. கடைத்தெருவில் ஒருவர் ஒருவரிடம் வாங்கிய சொற்களல்ல இவை. சம்பளப் பட்டியலில் இருந்த பதவிகள். முகலாய ஆட்சிமுறை தெற்கே வந்து, ஆர்க்காட்டு நவாபின் கருவூலத்தில் காசு எண்ணப்பட்டபோது, அங்கே உட்கார்ந்தவர் சராப்பு. ஆங்கிலேயரின் கச்சேரியில் உட்கார்ந்தவர் சிறாப்பர். வரி கட்டப் போன குடியானவனுக்குத் தன் காசு செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொன்ன ஆளின் பெயர், அரசு மாறியபோது மாறியது. தீர்ப்புச் சொன்ன முறை மாறவில்லை. ஊர்க் கணக்கில் இருந்தவர் கர்ணம் ஆனதும், மாவட்ட வரி அலுவலகம் கச்சேரி ஆனதும் இதே வழியில்தான். அதனால்தான் நோட்டம் என்ற சொல்லும் சாகாமல் பக்கத்திலேயே நின்றது. ஒன்று அலுவலகத்தின் பெயர், மற்றது வேலையின் பெயர். சொல்லாராய்ச்சியில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், பதவிப் பெயரின் பிறப்பிடத்தைத் தொழிலின் பிறப்பிடமாக எழுதிவிட நேரும். நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம் அது.

வேலை இருந்தவரை ஆங்கில வினையும் இருந்தது. பினாங்கின் கடற்கரைத் தெருவில் வங்கிகள் வந்தன. சார்ட்டர்ட் வங்கி 1875இல், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இல். இந்த ஐரோப்பிய வங்கிகளுக்குக் காசு பார்ப்பதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது: கடன் கேட்டு வருகிற ஆசியரில் யாரை நம்புவது? சீனத் துறைமுகங்களில் அவை அந்தப் பொறுப்பைக் கொம்பிரதோர் என்ற இடையாளிடம் விட்டன. இலங்கையில் அந்தப் பொறுப்பை ஏற்றவருக்கு 'பிணை ஷ்ராஃப்' என்றே பெயர். பெரும்பாலும் அவர் ஒரு செட்டியார். வங்கி கடன் கொடுக்கும், அவர் ஆளுக்குப் பிணை நிற்பார், பணம் திரும்பாவிட்டால் நட்டம் அவருடையது. நாணயத்தைச் சோதித்தவர் மனிதரைச் சோதிக்கத் தொடங்கினார். தமிழில் இதற்குப் புதிய சொல் தேவைப்படவில்லை. காசுக்கும் நேர்மைக்கும் நாம் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்; கடன் தொழிலில் ஒருவனுக்கு 'நாணயம் போய்விட்டது' என்றால் அவனுடைய தொழிலே போய்விட்டது என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் வினையின் அடித்தளம் அதற்குள் கரைந்துகொண்டிருந்தது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்குப் போய் டாலர் சட்டப்படியான பணம் ஆயிற்று. 1899இல் அரசுத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. 1903இல் நீரிணை டாலர் என்ற சொந்த வெள்ளிக் காசு வந்தது. அடுத்து மெக்சிகோ டாலரும் பிற டாலர்களும் செல்லாதவையாயின. 1906இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டது. ஒரே அரசு, ஒரே காசு, ஒரே மதிப்பு. சுண்டிப் பார்க்க வேண்டிய தேவையே அந்த மூன்றாண்டுகளில் போய்விட்டது. வினை வேலையோடு ஒட்டியது, ஆகையால் வேலை போனதும் அதுவும் போயிற்று. பெயர் நாற்காலியோடு ஒட்டியது, ஆகையால் நாற்காலியில் யார் உட்கார்ந்து என்ன செய்தாலும் அது தங்கிவிட்டது. ஹாங்காங் கார் நிறுத்துமிடத்துச் சன்னலில் இருப்பது அப்படித் தங்கியதுதான். பழங்காசு ஆராய்கிறவர்கள் மட்டும் ரூபாய்களின் மேல் காசு மாற்றுவோர் குத்திய சிறு குறிகளை இன்னும் 'ஷ்ராஃப் குறி' என்று சொல்லிவருகிறார்கள்.

பினாங்கில் இன்று பிட் தெருப் பக்கம் போனால் தமிழ் முஸ்லிம்களின் நகைக்கடைகளும் பணமாற்றுக் கடைகளும் இருக்கின்றன. அவர்களை யாரும் ஷ்ராஃப் என்று அழைப்பதில்லை, சராப்பு என்றும் அழைப்பதில்லை. ஒரு தாளை வாங்கி விளக்கில் காட்டி, இரு விரலுக்கிடையில் உரசிப் பார்த்து மறுபடி எண்ணும் பழக்கத்துக்கு அந்தச் சொற்கள் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. சொல்லின் வரலாறும் தொழிலின் வரலாறும் தனித்தனியே ஓடியதற்கு முழுச் சான்று வேண்டுமானால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அங்கே ஆங்கிலேயர் நிறுவிய கச்சேரியில் பணத்துக்குப் பொறுப்பானவர் சிறாப்பர். அதே மாவட்டத்தின் பழைய கோயில்களில், கொக்கட்டிச்சோலை தான்தோன்றீசுவரர் கோயில் உட்பட, கோயில் சொத்துக்கும் வரவுசெலவுக்கும் பொறுப்பான தருமகர்த்தாவின் பட்டம் வண்ணக்கர். சங்கப் புலவர் பெயரோடு ஒட்டியிருந்த அதே சொல்தான் அது என்றே நான் கொள்கிறேன். பொதுப் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் என்ற பொருளில் அது நீண்டிருக்கிறது. சிறாப்பரும் வண்ணக்கரும் இப்போது காசை உரைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் பெயர் அக்காடியத்தின் உறவு மொழியிலிருந்து பாரசீகம், குஜராத்தி, போர்ச்சுகீசியம், ஆங்கிலம் என்று சுற்றி அங்கே வந்து சேர்வதற்கு முன்பே இரண்டாவது பெயர் தமிழில் இருந்தது. ஆங்கில அகராதியில் அந்த வினைக்கு அரபு மூலம் எழுதியிருப்பது இருக்கட்டும். அந்த வேலைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் கறுக்காக்குறிச்சிக் காசுகளிலும் உத்தரமேரூர் மெழுகிலும் தொடங்க வேண்டும்.